ஹமில்டனின் இருக்கையில் பதினெட்டு வயதுப் பையன்: கேள்வி பதில்

2025 சீசன் முடிந்ததும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஃபோர்முலா 1 கார் ரேஸ் ரசிகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலும் லூயிஸ் ஹமில்டன் மெர்சிடிஸ் அணியை விட்டு ஃபெராரி அணிக்குப் போனதும் அந்த இடத்துக்குப் புதுப் பையன் கிமி அன்டொனெல்லி வந்ததும்தான். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்: வேறு வேறு அணி ஓட்டுநர்களின் புள்ளிகளை வைத்து யார் கெட்டிக்காரர் என்று தீர்க்காதீர்கள். ஒரே காரை ஓட்டுகிற இரண்டு பேரைத்தான் ஒப்பிட முடியும்.

களுவாஞ்சிக்குடி வாசகர்: ஹமில்டனுக்கு 2025 வரை ஒப்பந்தம் இருந்ததே, எப்படி இடையில் போனார்?

2023 ஓகஸ்டில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே ஒரு வருடம் முடிந்ததும் விலகலாம் என்ற வழி இருந்தது. அதைப் பயன்படுத்தினார். 2024 பெப்ரவரி 1ஆம் திகதி, அந்த வருடத்து முதல் ரேஸ் ஓடுவதற்கு முன்பே, அடுத்த வருடம் ஃபெராரி என்று அறிவிப்பு வந்துவிட்டது. அங்கே அவருக்காக இடம் விட்டவர் கார்லோஸ் சைன்ஸ். அவர் வில்லியம்ஸுக்குப் போனார்.

செங்கலடி வாசகர்: சைன்ஸ் மாதிரி அனுபவசாலி சும்மா இருக்கும்போது மெர்சிடிஸ் ஏன் ஒரு சின்னப் பையனை எடுத்தது? மொன்சாவில் பத்து நிமிடத்தில் காரை மோதினவன்தானே?

நல்ல கேள்வி. இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

2016ஐ நினைத்துப் பாருங்கள். நிக்கோ ரொஸ்பேர்க் உலக சம்பியனாகி ஐந்தாவது நாளே, டிசம்பர் 2ஆம் திகதி, ஓய்வு என்று சொல்லிவிட்டார். மெர்சிடிஸிடம் பாஸ்கல் வேர்லைன் என்ற சொந்த வளர்ப்பு கையில் இருந்தார். ஆனாலும் அவரை விட்டு, வில்லியம்ஸில் நான்கு சீசன் ஓடிய வல்தேரி பொட்டாஸை எடுத்தார்கள். அந்த வெற்றிடத்துக்கு, ஓய்வு பெற்றுப் போன மஸாவை வில்லியம்ஸ் திருப்பி அழைத்தது. மெர்சிடிஸ் அப்போது உச்சியில் இருந்தது. ஒரு வருடத்தைக்கூடப் பழகுவதற்கென்று விட்டுக்கொடுக்க முடியாத நிலை.

2024இல் அப்படியில்லை. கார் உச்சியில் இருக்கவில்லை, 2026இல் என்ஜின், கார் விதிகள் எல்லாமே மாற இருந்தன, அணியின் மற்ற காரில் ஜோர்ஜ் ரசல் இருந்தார். பையனைப் பழக்குவதற்கு 2025ஐ விட நல்ல வருடம் கிடைத்திருக்காது. அன்டொனெல்லியை, சிறுவர்கள் பழகும் சின்ன ரேஸ் வண்டியான கார்ட் ஓட்டிய காலத்திலிருந்தே வளர்த்தவர்கள் அவர்கள். ஃபோர்முலா 3ஐத் தாண்டி ஃபோர்முலா 1க்கு முந்தின படியான ஃபோர்முலா 2க்கு நேராக ஏற்றி, பழைய மெர்சிடிஸ் கார்களில் பல தடங்களில் ஓடவிட்டார்கள்.

மொன்சா விபத்து உண்மைதான். 2024 ஓகஸ்ட் 30, இத்தாலியின் மொன்சாத் தடத்தில், பயிற்சி ஓட்டத்துக்கு ரசலின் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பரபோலிக்கா வளைவில் தடுப்பில் மோதினார். அடுத்த நாளே மெர்சிடிஸ் அணித் தலைவர் டோட்டோ வூல்ஃப் அவர்தான் 2025 ஓட்டுநர் என்று அறிவித்தார். ஒரு விபத்தைப் பார்த்து மாற்றுகிற முடிவு இல்லை அது. மோதுவதற்கு முன் அந்தச் சில சுற்றுகளில் வந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். மெர்சிடிஸில் ஹமில்டனின் கடைசி ரேஸ் 2024 அபுதாபி: 16ஆம் இடத்தில் தொடங்கி, கடைசிச் சுற்றில் ரசலைத் தாண்டி 4ஆம் இடம். அன்டொனெல்லியின் முதல் ரேஸ் 2025 மெல்பேர்ன்: மழையில், அதே 16ஆம் இடத்தில் தொடங்கி அதே 4ஆம் இடம். அந்த இருக்கையில் அடுத்தடுத்து ஓடிய இரண்டு ரேஸ்கள். எனக்கு இதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம்.

ஏறாவூர் வாசகர்: ரேஸ் நம் நேரத்துக்கு எத்தனை மணி?

கோடைகாலத்து ஐரோப்பிய ரேஸ்கள் பெரும்பாலும் பின்னேரம் 6.30. 2025இல் மெல்பேர்ன் காலை 9.30, ஜப்பான் 10.30, பிரேசில் இரவு 10.30.

அக்கரைப்பற்று வாசகர்: 2025இல் ஹமில்டன் 156, அன்டொனெல்லி 150. ஆறு புள்ளிதான் வித்தியாசம். அப்படியென்றால் மெர்சிடிஸுக்கு நட்டமில்லையே?

இதைத்தான் வேண்டாம் என்றேன். ஹமில்டனுக்குப் பக்கத்தில் லெக்லேர்: 242. அன்டொனெல்லிக்குப் பக்கத்தில் ரசல்: 319. அந்த இரண்டு கணக்கையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டு பேருமே தங்கள் சக ஓட்டுநரிடம் வடிவாகத் தோற்றிருக்கிறார்கள். ஆனால் ஒருவருக்கு அது முதல் சீசன், மற்றவர் ஏழு தடவை சம்பியன்.

கல்முனை வாசகர்: ஆறு பட்டம் வாங்கிக் கொடுத்த அணியை விட்டுப் போனது துரோகம். அதற்குத்தான் ஃபெராரியில் அனுபவிக்கிறார்.
கல்லடி வாசகர் (கல்முனைக்காரருக்கு): துரோகம் செய்தது மெர்சிடிஸ். நீண்ட ஒப்பந்தம் கொடுத்திருந்தால் அவர் ஏன் போகிறார்?

நீங்கள் இரண்டு பேரும் எழுதியதில் பாதியைத்தான் இங்கே போட்டிருக்கிறேன். உங்கள் சண்டையில் மற்றவர்களின் கேள்விகள் அடிபட்டுப் போகின்றன. ஆனால் விஷயம் முக்கியமானது.

கல்முனைத் தம்பி, ஹமில்டன் 2007இல் மக்லாரனில் முதல் ரேஸ் ஓடியதிலிருந்து 2024 கடைசி ரேஸ் வரை மெர்சிடிஸ் என்ஜின் இல்லாத காரில் ஒரு தடவைகூட ஓடவில்லை. மெர்சிடிஸ் அணியில் மட்டும் 12 சீசன், 84 வெற்றி. போகப்போகிறேன் என்று சொன்ன வருடத்தில்கூட சில்வர்ஸ்டோனை ஒன்பதாவது தடவையாக வென்று கொடுத்தார். இதற்கு மேல் என்ன விசுவாசம் வேண்டும்?

கல்லடித் தம்பி, விலகும் வழி ஒப்பந்தத்தில் இருந்தது. அதை எடுத்தது அவர். அணி வெளியே தள்ளவில்லை. நாற்பதை நெருங்குகிற ஓட்டுநரிடம் ஒரு அணி எச்சரிக்கையாக இருப்பது கைவிடுவது ஆகாது.

2012இலும் இதே கதைதான். மக்லாரனை விட்டு மெர்சிடிஸுக்குப் போகிறார் என்றதும் பைத்தியம் என்றார்கள். 2010இல் திரும்பி வந்த மெர்சிடிஸ் அதுவரை வென்றது ஒரே ஒரு ரேஸ். மறுகா நடந்ததை எல்லோரும் பார்த்தோம். 2025இல் ஃபெராரியில் அப்படி நடக்கவில்லை என்பதற்காகத் தண்டனை என்று பேசுவது நியாயமில்லை.

திருக்கோவில் வாசகர்: அவ்வளவு அனுபவமுள்ளவருக்கு ஃபெராரி ஏன் ஒத்துவரவில்லை?

பிரேக். கராஜில் வேலை செய்பவன் என்பதால் எனக்கு இதைப் பற்றிக் கதைக்கப் பிடிக்கும்.

மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் வருகிற கார் வளைவுக்கு முன் சில வினாடிக்குள் 80 அளவுக்கு இறங்க வேண்டும். வளைவுக்குள் திரும்பும்போது பிரேக்கை எவ்வளவு, எந்த இடத்தில் தளர்த்துவது என்பதில்தான் ஹமில்டனின் திறமையே இருந்தது. பின்சக்கரப் பிரேக்கில் கணினியும் பங்கெடுக்கும். மின்சக்தியைச் சேமித்துக்கொண்டே வேகத்தைக் குறைக்கும். அந்தக் கலவை அணிக்கு அணி வேறு. ஃபெராரியில் என்ஜின் பிரேக்கை நம்பி ஓட்ட வேண்டும், இதற்கு முன் தான் அப்படி ஓட்டியதே இல்லை என்று அவரே சொன்னார். மலை இறக்கத்தில் மோட்டார் சைக்கிளின் கியரைக் குறைத்து இறங்குவது மாதிரி, ஆனால் அதைத் தவறாமல் ஒவ்வொரு வளைவிலும் செய்ய வேண்டும்.

12 வருடம் காலில் ஊறிய பழக்கத்தை மாற்றுவது இலகுவில்லை. ஹங்கேரித் தகுதிச் சுற்றில் அதே காரில் லெக்லேர் முதலிடத்தில் நிற்க, இவர் 12ஆம் இடம். ஃபெராரி ஓட்டுநரை மாற்ற வேண்டியிருக்கும் என்று அவரே சொன்ன நாள் அது. சீனாவில் ஸ்பிரின்ட் என்ற சனிக்கிழமைக் குறும் ரேஸை வென்றாரே என்று கேட்பீர்கள். வென்றார். அடுத்த நாள் ரேஸில் காரின் அடிப்பலகை இருக்க வேண்டிய 9 மில்லிமீற்றர் தடிப்பை விடக் குறைவாகத் தேய்ந்திருந்ததால் தகுதி நீக்கம். முழு சீசனிலும் முழு நீள ரேஸில் முதல் மூன்று பேருக்கான மேடை ஒரு தடவைகூட இல்லை.

இங்கே அன்டொனெல்லிக்குக் கிடைத்த அதிர்ஷ்டத்தைப் பேச வேண்டும். ஹமில்டனின் காதில் 12 வருடம் பேசிய பொறியியலாளர் 'போனோ' பொனிங்டன் மெர்சிடிஸிலேயே தங்கி, இப்போது பையனின் காதில் பேசுகிறார்.

வாழைச்சேனை வாசகர்: அன்டொனெல்லி 150, ஹமில்டன் 156. யார் கெட்டிக்காரர்?

மேலே பாருங்கள்.

சம்மாந்துறை வாசகர்: அன்டொனெல்லியை இடையில் நீக்கப் போகிறார்கள் என்று வீடியோவில் பார்த்தேன்.

அந்த வீடியோக்களை விடுங்கள். அணி தன் வாயால் அறிவிக்கும் வரை எதுவும் செய்தியில்லை. இமோலாவிலிருந்து மொன்சா வரை ஐரோப்பிய ரேஸ்களில் அவர் தடுமாறியது உண்மை. கனடாவில் 3ஆம் இடம், பிரேசிலில் 2ஆம் இடம் எடுத்ததும் உண்மை. ஒக்டோபரில் 2026க்கும் ரசல், அன்டொனெல்லி என்று மெர்சிடிஸே உறுதி செய்துவிட்டது.

நிந்தவூர் வாசகர்: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஃபோர்முலா 1க்குப் போக வழி உண்டா?

கார்டிங்கில்தான் தொடங்க வேண்டும், ஃபோர்முலா 1 ஓட்டும் அனுமதியான சுப்பர் லைசன்ஸுக்கு 40 புள்ளி சேர்க்க வேண்டும், அதற்குள் குடும்பம் பெரும் பணம் செலவழிக்க வேண்டியிருக்கும். ஆனால் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டனில் ஓடினார், சென்னை கருண் சந்தோக் 2010இல் ஓடினார். இரண்டு பேரும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் மூடின கதவு இல்லை. ஒன்று மட்டும்: கல்லடிப் பாலத்திலும் கல்முனை வீதியிலும் பழக விடாதீர்கள். அந்த மோட்டார் சைக்கிள்களை நான்தான் நசுங்கிய நிலையில் பார்க்கிறேன்.

பொத்துவில் வாசகர்: ரெட் புல்லில் பெரெஸுக்குப் பிறகு யார் யார்?

லோசன், இரண்டே ரேஸ். பிறகு சுனோடா. 2026க்கு ஹஜார்.

ஆரையம்பதி வாசகர்: 156, 150...

லெக்லேர் 242, ரசல் 319. இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன்.