பிஐபி போட்டுவிட்டு ராஜினாமா கேட்கிறார்கள்: எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: பெங்களூரு பெல்லந்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். பதவி டீம் லீட். செய்வது கோடிங் மட்டுமே. புதிய மேலாளர் மணிக்கொருமுறை நிலவரம் கேட்கிறார். டீம்ஸ் செயலியில் நான் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி மறைந்தால் உடனே போன் வருகிறது. இரவு பதினொன்றரைக்கும் மெசேஜ் வருகிறது. இப்போது பிஐபி (குறைகளைப் பட்டியலிட்டு, குறித்த காலத்துக்குள் வேலையில் முன்னேற்றம் காட்டச் சொல்லும் திட்டம்) போட்டுவிட்டு, நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள் என்கிறார் ஹெச்ஆர். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று: ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். 1961ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றிய ஊழியரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்று சொன்னால் அதை விசாரணை நடத்தி நிரூபிக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பு நீக்கப்பட்டவருக்குத்தான். தாமாக விலகியவர், மிரட்டி வாங்கினார்கள் என்பதைத் தாமே நிரூபிக்க வேண்டியிருக்கும், அது எளிதல்ல.

நீங்கள் நிர்வாகப் பதவியில் இருப்பவர், இச்சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்று நிறுவனம் வாதிடக்கூடும். பதவியின் பெயரைவிடச் செய்யும் வேலையின் தன்மையே முக்கியம் என்று எஸ்.கே. மைனி வழக்கில் (1994) உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே யாருக்கும் விடுப்பு அனுமதிக்கவோ மதிப்பீடு எழுதவோ உங்களுக்கு அதிகாரம் இல்லை என்பதைக் காட்டும் மெயில்களைக் குறித்து வையுங்கள்.

மேலாளரின் தொணதொணப்பைப் பொறுத்தவரை, அதைக் குற்றமென்று சொல்லும் சட்டம் இல்லை. மூச்சுவிட விடவில்லை என்று எழுதினால் எந்த அதிகாரியிடமும் எடுபடாது; எத்தனை மணி வரை வேலை வாங்கினார் என்று எழுதினால் எடுபடும். அதே சட்டம் வேலை நேரத்தை நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்து, மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் கேட்கிறது. தேதி, நேரம், வந்த செய்தி, லாக்-ஆஃப் செய்த நேரம் என ஒரு நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். ஆத்திரத்தில் நிறுவனத்தின் கோடிங்கையோ கிளையன்ட் ஆவணங்களையோ சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். பலர் வழுக்கி விழுவது இங்கேதான், அதுவே உங்களை நீக்கக் காரணமாகிவிடும்.

பிஐபியில் உள்ள குறைகளை ஒவ்வொன்றாக மறுத்து, கோபச் சொல் இல்லாமல், இந்த வாரமே மெயிலில் பதில் அனுப்புங்கள். ராஜினாமா கேட்டதையும் யார், எப்போது என்று அதில் பதிவுசெய்யுங்கள். மீறி நீக்கினால், உத்தரவு கைக்கு வந்த அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள், மேல்முறையீட்டுக்குக் காலவரம்பு உண்டு. பன்னேர்கட்டா சாலையிலுள்ள கார்மிக பவனில் தொழிலாளர் துறையிடம் மனுக் கொடுக்கப் போகும்போது நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, அந்த நோட்டு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.