தடுப்பூசி அனுப்பினால் போதுமா? மருத்துவக் கழிவு பற்றிய கேள்வி பதில்

கொவிட் காலம் முழுவதும் இங்கே சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புத் தாதியாக இருந்தேன். மருத்துவக் கழிவு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தெம்பனிஸ் வாசகர்: பெருந்தொற்றில் கழிவு அவ்வளவு கூடியதா, அக்கா?

மலைபோலக் கூடியது, தம்பி. 2020 மார்ச்சிலிருந்து 2021 நவம்பர் வரை ஐநா ஏற்பாட்டில் வாங்கி அனுப்பிய பாதுகாப்பு உடைகள் மட்டும் சுமார் 87,000 டன் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் கணக்குச் சொன்னது. பெரும்பாலானவை ஒரு தடவை போட்டுக் கழற்றுபவை. தடுப்பூசி 800 கோடி முறைக்கு மேல் போட்டதில் ஊசி, சிரிஞ்சு, பெட்டி எல்லாம் சேர்ந்து இன்னும் 144,000 டன்.

ஈசூன் வாசகி: தடுப்பூசி கொடுத்த நாடுகளுக்கு இதில் பொறுப்பு இல்லையா?

இருக்கிறது. 1999இலேயே உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இதற்கு ஒரு வழி சொல்லிவிட்டன: தடுப்பூசி அனுப்பினால் ஒரு முறைக்கு மேல் இயங்காத சிரிஞ்சும், அதைப் போடும் பெட்டியும் கூடவே போக வேண்டும். அந்தப் பெட்டி 5 லிட்டர் கொள்ளும் தடித்த அட்டை. ஏறக்குறைய 100 சிரிஞ்சு பிடிக்கும். முக்கால்வாசி நிரம்பியதும் மூடிவிட வேண்டும். அதற்கு மேல் அமுக்கினால் கையில்தான் குத்தும்.

சரி, பெட்டியை மூடியாயிற்று, அப்புறம்? மிகவும் பின்தங்கிய நாடுகளில் 60 விழுக்காட்டு மருத்துவ நிலையங்களுக்கு, தொற்றுக்கு முன்பிருந்த கழிவைச் சமாளிக்கவே வசதி இல்லை. கிராமத்து மருந்தகத்தின் பின்பக்கம் குழி வெட்டி எரிப்பார்கள். அந்தப் புகை அங்கேயே வேலை பார்க்கும் தாதியின் நெஞ்சுக்குள் போகும். உதவி என்றால் அந்தக் குழிவரை யோசித்துச் செய்ய வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

ஜூரோங் வாசகர்: அந்தக் கழிவை சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து எரிக்கலாமே?

நல்ல மனசு. ஆனால் ஆபத்தான கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் என்ற உலக உடன்பாட்டின் பட்டியலில் முதல் இனமே மருத்துவக் கழிவுதான். பெறும் நாடு எழுத்தில் சம்மதிக்காமல் அனுப்ப முடியாது. சிங்கப்பூர் 1996இல் அதில் சேர்ந்தது. தொற்றுள்ள பையைக் கடல் கடத்துவதைவிட, 121 பாகைக்கு மேல் நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் ஒன்றை அங்கே வைத்து, ஆளையும் பழக்கிவிடுவது மேல். சரியாக எரிக்காவிட்டால் வரும் டயாக்சின் நஞ்சும் அதில் கிடையாது. ஆனால் கருவி பழுதானால் யார் சரிசெய்வது என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும்.

உட்லண்ட்ஸ் வாசகி: நம் மருத்துவமனைக் கழிவு எங்கே போகிறது?

மஞ்சள் பையில் கட்டி, உரிமம் பெற்ற நிறுவனங்கள் எடுத்துப்போய் மிக உயர்ந்த வெப்பத்தில் எரிக்கின்றன.

அதே வாசகி: தாதிகள் என்ன செய்யலாம்?

பிரித்துப் போடலாம். மருத்துவக் கழிவில் 85 விழுக்காடு சாதாரணக் குப்பைதான். பயத்தில் கையுறை வந்த அட்டைப்பெட்டியைக்கூட மஞ்சள் பையில் திணித்ததை நானே பார்த்தேன். இன்னொன்று, தடுப்பூசி போடக் கையுறையே தேவையில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கையைச் சுத்தம் செய்தால் போதும்.