ஆறு கிலோ பையும் ஐம்பத்தைந்து கிலோமீட்டரும்

கேள்வி: அண்ணா, திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வரை கரையோரமாக இரண்டு நாளில் தனியாக ஓட ஆசை. ஆடி மாதம் போகலாம் என்று இருக்கிறேன். இரவு குச்சவெளியில் தெரிந்தவர் வீட்டில் தங்கலாம். தேவை என்று நினைத்ததையெல்லாம் பையில் போட்டு நிறுத்தால் தண்ணீர் இல்லாமலே ஆறு கிலோ! எதைக் குறைப்பது?
— வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, முதல் தடவை நானும் இப்படித்தான் போனேன். பள்ளிக்கூடப் பை ஒன்றில் இன்னொரு சோடி சப்பாத்து, இரண்டு டெனிம், பெரிய துவாய், தின்ன ஒரு மூட்டை. நிலாவெளி தாண்டும்போதே பை முதுகில் குதித்துக் குதித்துத் தோள் உரிந்துவிட்டது, வியர்வை பட்ட இடமெல்லாம் எரிவு, கடைசியில் குச்சவெளியில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அந்தச் சப்பாத்தை வெளியே எடுக்கக்கூட இல்லை.

முதலில் வழியைப் பாருங்கள், பை தானாகக் குறையும். நகரிலிருந்து குச்சவெளி ஏறத்தாழ 35 கிலோமீட்டர், புல்மோட்டை 55. மணலிலேயே முழுக்க ஓட முடியாது, கடலேரி வாய்கள் குறுக்கே வரும். முன்பு பாதையில் (ஆட்களை ஏற்றும் மிதவையில்) ஏறிக் கடந்த இறக்கக்கண்டி போன்ற இடங்களில் இப்போது பாலம் இருக்கிறது, அங்கே எப்படியும் வீதிக்கு ஏறத்தான் வேண்டும். வீதி என்றால் கடை, கடை என்றால் தண்ணீர், வாழைப்பழம், சோடா. அப்புறம் ஏன் அதையெல்லாம் வீட்டிலிருந்து சுமக்க வேண்டும்? செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்கள் வருடாவருடம் இந்தப் பக்கமாகத்தான் வருகிறார்கள், நீங்கள் போவதற்கு எதிர்த் திசையில். அவர்கள் தோளில் என்ன தொங்குகிறது என்று ஒருநாள் நின்று பாருங்கள்.

இந்தக் கரையில் உண்மையான பாரம் தண்ணீர்தான், ஒரு லீற்றர் ஒரு கிலோ. ஆடியில் கச்சான் காற்று தரையிலிருந்து சூடாக அடிக்கும், வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு இழக்கிறோம் என்றே தெரியாது. அதனால் தண்ணீரில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள், மற்ற எல்லாவற்றிலும் பண்ணுங்கள். அரை லீற்றர் மென்போத்தல் இரண்டு நெஞ்சுப் பக்கம் இருக்கட்டும், குடித்து முடிந்தால் சுருங்கிவிடும். குச்சவெளிக்கு அப்பால் கடைகள் தள்ளித் தள்ளி இருப்பதால் இரண்டாம் நாள் மட்டும் இன்னொரு அரை லீற்றர். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்புக் குறைந்து தலை சுற்றும், ஜீவனி (தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் தூள்) பைக்கற் நான்கு போதும். ஒரு பைக்கற் ஒரு லீற்றருக்கு உரியது, பாதியைக் கொட்டி மீதியை மடித்து வைக்கிற வேலை வேண்டாம். கடையில் ஒரு லீற்றர் போத்தல் வாங்கி அதிலேயே கலக்கி இரண்டிலும் ஊற்றுங்கள்.

உடுப்பு, உடம்பில் ஒன்று, பையில் ஒன்று. இரவுக்கு ஒரு பழைய சாரம்: உடுக்க, போர்க்க, துடைக்க எல்லாம் அதுதான். காலுறை மட்டும் இரண்டு சோடி கொண்டுபோங்கள், மணல் புகுந்து ஈரமான காலுறையோடு ஓடினால் பத்துக் கிலோமீட்டரில் கொப்புளம். தொடையிடுக்குக்கு வாசலீனை ஒரு சின்ன டப்பியில் போடுங்கள், முழுப் போத்தல் எதற்கு? தின்ன எள்ளுருண்டை, பேரீச்சம்பழம் கொஞ்சம். சொக்லேட் வேண்டாம், உப்புவெளி தாண்டுமுன் குழம்பாகிவிடும்.

தனியாகப் போவதால் பாரம் என்று சொல்லி விடக்கூடாதவையும் உண்டு. போன், சின்ன பவர் பாங்க், விசில், பிளாஸ்டர், ஒரு பண்டேஜ், பெயரும் இரத்த வகையும் வீட்டு இலக்கமும் எழுதிய அட்டை. எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் கட்டுங்கள், மழைக்கு அல்ல, உங்கள் வியர்வைக்கு. 1990 அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும், ஆனால் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், கடந்துவந்த பாலத்தின் பெயரையாவது நினைவில் வையுங்கள்.

தலை டோர்ச் முதல் நாள் விடியுமுன் நகர்ப் பக்கத்தில் ஓட உதவும். இரண்டாம் நாள் அப்படி வெளிக்கிடாதீர்கள். திரியாய்ப் பக்கம் யானை இறங்கும் இடம், நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் புறப்பட வேண்டும், காதில் பாட்டும் வேண்டாம். தூரம் 20 கிலோமீட்டர் என்பதால் வெயில் ஏற முதல் முடித்துவிடலாம்.

இவ்வளவும் சேர்த்தால் தண்ணீர் இல்லாமல் இரண்டு கிலோவுக்குள் நிற்கும். நிற்காவிட்டால் பையைக் கவிழ்த்துவிட்டு மறுபடி அடுக்குங்கள்.

கேள்வி: மூதூரிலிருந்து கிண்ணியாப் பக்கம் காலையில் ஓடிப் பழகுகிறேன். பையே இல்லாமல் கையில் ஒரு போத்தல் போதாதா?
— வாசகர், மூதூர்

பதில்: ஒரு மணித்தியாலம், ஒன்றரை என்றால் தாராளமாகப் போதும். ஒரே கையில் பிடித்தால் அந்தப் பக்கத் தோள் இறுகும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றுங்கள். காற்சட்டைப் பையில் பஸ் காசு இருக்கட்டும்.