அது வேறு சாய்ஜோ, தம்பி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் சிரித்தேன். அப்புறம் வயிற்றைக் கொஞ்சம் கலக்கியது. "ஹிரோஷிமா மாகாணத்தில் பிங்கோ சாய்ஜோ என்ற ஊர்ப்பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. கம்பெனி தரும் வீடு ஸ்டேஷனிலிருந்து 2 கிலோமீட்டர். ஜப்பானில்தான் எங்கே பார்த்தாலும் ரயில் ஆச்சே, கார் இல்லாமல் சமாளித்துவிடலாமா அண்ணா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாப்பாட்டுக்கும் மிச்சத்துக்கும் பதில் சொல்ல உங்களுக்கு நூறு பேர் கிடைப்பார்கள். எதில் பார்த்தாலும் மீன் சாறு இருக்கும், பருப்பும் புளியும் கொண்டு வாருங்கள், அவ்வளவுதான். நான் ரயிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் நான் பட்டது போதும்.

முதல் எச்சரிக்கை, ஊர்ப் பெயர். ஹிரோஷிமா மாகாணத்தில் சாய்ஜோ என்ற பெயரில் இரண்டு ஸ்டேஷன் இருக்கின்றன. ஒன்று சான்யோ பிரதான பாதையில் இருக்கிற சாய்ஜோ. செங்கல் புகைபோக்கிகளும் சாக்கே மது வடிக்கும் பழைய வீடுகளுமாக இருக்கும், பல்கலைக்கழகமும் அந்தப் பக்கம்தான். ஹிரோஷிமாவிலிருந்து முக்கால் மணி நேரம்கூட ஆகாது. உங்கள் பிங்கோ சாய்ஜோ கெய்பி பாதையில், மலைக்குள்ளே, ஹிரோஷிமாவிலிருந்து ரயிலில் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. பிங்கோ என்பது அந்தப் பகுதியின் பழைய நாட்டுப் பெயர். எழுதும்போது கடைசி எழுத்து வேறு, உங்கள் சாய்ஜோவில் அது கோட்டையைக் குறிக்கும் எழுத்து. ஆனால் வாயால் சொன்னால் இரண்டும் ஒரே சாய்ஜோதான். அங்கே உள்ளூர்க்காரர்கள் யாரும் பிங்கோவைச் சேர்த்துச் சொல்வதில்லை.

2012 பிப்ரவரியில் எனக்கும் யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. போனில் கம்பெனி ஆள் "சாய்ஜோவில் இறங்கு, நான் நிற்கிறேன்" என்றார். நானும் இறங்கினேன். இரண்டு பெட்டி, ஒரு தோள்பை, ஊரில் வாங்கிய ஸ்வெட்டர். ஒன்றரை மணி நேரம் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அந்தச் சாய்ஜோவில் பனியில் நின்றிருக்கிறார். கடைசியில் ஸ்டேஷன்காரர் ஒருவர் நான் வைத்திருந்த முகவரியைப் பார்த்து, சத்தமே வராமல் காற்றை மட்டும் உள்ளே இழுத்தார். ஜப்பானில் ஒருவர் பல்லிடுக்கில் அப்படிக் காற்றை இழுத்தால் விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

திரும்ப ஹிரோஷிமா. அங்கிருந்து கெய்பி பாதையில் மியோஷி. மியோஷியில் கிழக்கே போகும் கடைசி வண்டி நின்றுகொண்டிருந்தது. வண்டி என்றால் ஒற்றைப் பெட்டி, டீசல். நம்மூர் டவுன் பஸ்ஸைத் தண்டவாளத்தில் ஏற்றி வைத்தது மாதிரி. உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேர், ஒரு பாட்டி, நான். பிங்கோ ஷோபாராவில் பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். அதற்கப்புறம் வண்டி ஊர்ந்தது. பனிப் பாரத்தில் வளைந்த மூங்கில்கள் கூரையை உரசிக்கொண்டே வந்தன. எஞ்சின் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். பாறை சரியக்கூடிய இடங்களிலும் பழைய வளைவுகளிலும் செலவைக் குறைப்பதற்காக 25 கிலோமீட்டர் வேகம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. சைக்கிளில் கொஞ்சம் மூச்சுப்பிடித்து மிதித்தால் கூடவே போகலாம்.

இறங்கும்போதுதான் உண்மையான கூத்து. இந்த வண்டிகளை அங்கே "வான்மான்" என்பார்கள். ஓட்டுநர் ஒருவர் மட்டும்தான், நடத்துநர் கிடையாது. ஆளில்லாத ஸ்டேஷனில் பின் கதவில் ஏறவேண்டும், முன் கதவில் இறங்கவேண்டும். ஏறும் இடத்தில் ஒரு சின்ன இயந்திரம் எண் போட்ட சீட்டுத் துண்டு ஒன்றைத் தரும், "சேய்ரிகென்" என்று பெயர். அதை எடுக்காமல் ஏறினால் நீங்கள் எங்கே ஏறினீர்கள் என்பதற்குச் சாட்சியே இல்லை. ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு பலகையில் எண்ணுக்கு நேராகக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். இறங்கும்போது சீட்டையும் சில்லறையையும் ஓட்டுநர் பக்கத்தில் இருக்கிற பெட்டியில் போடவேண்டும். பெட்டி மீதி தராது. ஆயிரம் யென் நோட்டை மாற்ற ஒரு துவாரம் உண்டு, பத்தாயிரத்தை அது கண்டுகொள்ளாது.

என்னிடம் இருந்ததெல்லாம் பத்தாயிரம் நோட்டுகள். கூடவே ஹிரோஷிமாவில் பெருமையாகத் தொட்டுவிட்டு ஏறிய இகோகா, பணம் ஏற்றி வைத்துக்கொள்ளும் ரயில் அட்டை. அந்த அட்டை ஹிரோஷிமா நகரத்தை ஒட்டிய பகுதியோடு சரி, மலைப்பக்கம் வண்டியில் அதைப் படிக்கக் கருவியே இல்லை. வெள்ளைக் கையுறை போட்ட ஓட்டுநர் எழுந்து, குனிந்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி குனிந்தார். வண்டி நின்றுகொண்டிருக்கிறது. பின்னால் இருந்த பாட்டி எழுந்து வந்து இரண்டு ஆயிரம் நோட்டையும் கொஞ்சம் சில்லறையையும் துவாரம் பார்த்துப் போட்டுவிட்டு, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ஓட்டுநர் ஒரு காகிதத்தில் என்னவோ எழுதிக் கொடுத்தார். அந்த அட்டையை அடுத்த முறை ஆள் இருக்கும் ஸ்டேஷனில் காட்டி, பாதியில் நின்ற கணக்கை முடிக்க வேண்டுமாம். முடிக்காதவரை அட்டை வேறெங்கும் செல்லாது. எனக்கு அது முடிய மூன்று வாரம் ஆனது.

ஆகவே சட்டைப் பையில் எப்போதும் நூறு யென் காசு பத்து, ஆயிரம் நோட்டு மூன்று. மறக்காதீர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கார் இல்லாமல் சமாளிக்க முடியாது. முடியும் என்று உங்களிடம் யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் இருக்கிற நம்மவர்கள். "ஜப்பானில் கார் எதற்கு, மூன்று நிமிஷத்துக்கு ஒரு வண்டி" என்பார்கள். பத்து வருஷம் அங்கே இருந்து, யோகோஹாமாவைத் தாண்டியதே சுற்றுலாப் பேருந்தில்தான், ஆனால் ஜப்பான் முழுவதற்கும் அவர்கள் பதில் சொல்வார்கள். மலைப்பக்கம் வேலைக்கு வந்தவர்களைப் பார்த்து "பாவம்" என்பார்கள். இருக்கட்டும்.

இன்னொரு கூட்டம், வாட்ஸ்அப்பில் அந்த ஹொக்கைடோ கதையை வருஷா வருஷம் அனுப்புகிறவர்கள். ஒரே ஒரு மாணவிக்காக ஜப்பான் ஒரு ஸ்டேஷனையே திறந்து வைத்திருந்ததாம், அவள் படிப்பை முடித்ததும் மூடியதாம். எனக்கே இருபது தடவை வந்திருக்கும். கதையில் கமி ஷிராதாக்கி என்று போடுவார்கள், அந்தப் பெண் ஏறியது அதே பாதையில் இருந்த கியூ ஷிராதாக்கியில். 2016 மார்ச்சில் அக்கம்பக்கத்து மூன்று ஸ்டேஷன்களைச் சேர்த்து மூடினார்கள். ஏன் மார்ச்? ரயில் கால அட்டவணை மாறுவதும் மார்ச், பள்ளிப் படிப்பு முடிவதும் மார்ச். கூட்டம் இல்லாத ஸ்டேஷனை மூடியது உண்மை, மிச்சம் நம் ஆட்கள் சேர்த்துக்கொண்ட கண்ணீர்.

உங்கள் பாதையின் கதை அதைவிடக் கரடுமுரடு. 1987-இல் தேசிய ரயில்வேயைப் பிரித்துத் தனியாரிடம் விட்டபோது, புல்லட் ரயிலும் நகரப் பாதைகளும் சம்பாதிப்பதில் இந்த மாதிரிப் பாதைகள் பிழைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. கொரோனா வந்ததும் அந்தச் சம்பாத்தியம் படுத்துவிட்டது. 2022 ஏப்ரலில் இந்தப் பாதையை ஓட்டும் ஜேஆர் மேற்கு நிறுவனம் நஷ்டப் பாதைகளின் கணக்கைப் பகிரங்கமாக வெளியிட்டது. உங்கள் ஊருக்குக் கிழக்கே பிங்கோ ஒச்சியாய் முதல் தோஜோ வரையிலான துண்டில் 100 யென் சம்பாதிக்க 25,000 யென்னுக்கு மேல் செலவு. 2019-இல் அங்கே போய்வந்தது நாளொன்றுக்குச் சராசரி 11 பேர். அந்தத் துண்டில் ஒரு நாளைக்குப் போக மூன்று, வர மூன்று வண்டிதான். 2023 அக்டோபரில் திருத்திய சட்டம் அமலுக்கு வந்தது, இப்படிப்பட்ட பாதையில் ரயிலைத் தொடர்வதா, பேருந்துக்கு மாறுவதா என்று பேச அதன்படி அமைந்த மறுசீரமைப்புக் குழு 2024 மார்ச்சில் முதல் முறையாகக் கூடியது. நாட்டிலேயே முதல் குழு இதுதான், ஆராய்வது பிச்சு கோஜிரோவிலிருந்து பிங்கோ ஷோபாரா வரையிலான பாதை. உங்கள் ஸ்டேஷன் அதற்குள்தான் வருகிறது. ரயிலை நம்பி இரண்டு வருஷ வாடகை ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கால அட்டவணை உங்களுக்காகப் போட்டதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். அது பிளஸ் டூ பிள்ளைகளுக்காக. காலையில் பள்ளிக்குப் போக ஒன்றிரண்டு, மாலையில் திரும்ப ஒன்றிரண்டு, நடுவில் மூன்று நாலு மணி நேரம் தண்டவாளத்தில் காக்கை உட்கார்ந்திருக்கும். ராத்திரி ஷிப்ட் முடிந்தால் வண்டியே கிடையாது. மாதத்தில் ஒரு நாள் பகலில் தண்டவாள வேலை என்று நிறுத்திவிடுவார்கள், சுவரில் ஒட்டியிருக்கும், ஜப்பானிய மொழியில் மட்டும். பனி விழுந்தால் நிற்கும், மான் மோதினால் நிற்கும். 2018 ஜூலை மழையில் ஹிரோஷிமா பக்கத்தில் பாலமே அடித்துக்கொண்டு போய், பாதை முழுதாக ஓட 2019 அக்டோபர் ஆயிற்று. அதே 2018 மார்ச்சோடு மியோஷியிலிருந்து கோட்சு வரை 108 கிலோமீட்டர் ஓடிய சாங்கோ பாதை மூடப்பட்டது. அதில் உசுய் என்று ஒரு ஸ்டேஷன், தரையிலிருந்து 20 மீட்டர் உயரப் பாலத்தின் மேலே. 116 படி ஏறவேண்டும், லிப்ட் கிடையாது. மூடப்போகிறார்கள் என்றதும் நாடெங்கிலுமிருந்து கேமராவோடு வந்து நின்றார்கள். அதற்கு முந்தைய வருஷங்களில் அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு ஏறியிருந்தால் போதுமே என்று டிக்கெட்டே எடுக்காமல் காரில் போய் வேடிக்கை பார்த்த நானும் சொன்னேன். என்ன செய்ய.

ஹிரோஷிமாவுக்குப் போக ரயிலைவிட ஷோபாராவிலிருந்து கிளம்பும் நெடுஞ்சாலைப் பேருந்து நல்லது, சீக்கிரம் போய்விடும். ஊருக்குள்ளே போக முந்தின நாளே போன் செய்து சொல்லிவைக்கும் வாடகை வண்டி சில இடங்களில் உண்டு. போனில் பேசும் அளவுக்கு ஜப்பானிய மொழி வந்தபிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

ஆகவே விமானம் ஏறுமுன் செய்யவேண்டியது இதுதான். உரிமம் இல்லையென்றால் இன்றைக்கே எடுங்கள். உரிமம் எடுத்தபிறகு மூன்று மாதமாவது இந்தியாவில் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜப்பானிய உரிமமாக மாற்றித் தரமாட்டார்கள். புதுப்பித்த அட்டை என்றால் முதலில் வாங்கிய தேதி தெரியும்படி சான்று வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கி வாருங்கள், அதை வாங்கிய நாளிலிருந்து ஒரு வருஷம், வந்திறங்கிய நாளிலிருந்து ஒரு வருஷம், இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரை அதை வைத்து ஓட்டலாம். அதற்குள் மாற்றிவிட வேண்டும். முன்னெல்லாம் எழுத்துத் தேர்வில் பத்தே கேள்வி. 2025 அக்டோபரிலிருந்து ஐம்பது கேள்வி, 45 சரியாக இருக்கவேண்டும். சாலை நம்மூர் மாதிரி இடது பக்கம்தானே என்று ஓட்டும் தேர்வுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகாதீர்கள். மதுரை பைபாஸில் ஓட்டினவன் என்ற திமிரில் போய் நான் இரண்டு முறை தோற்றேன். இடப்பக்கம் திரும்பும்போது கண்ணாடியில் மட்டும் பார்த்தேனாம், கழுத்தைத் திருப்பிப் பார்க்கவில்லையாம். மூன்றாவது முறை கழுத்து சுளுக்கும் அளவுக்குத் திருப்பினேன், கொடுத்துவிட்டார்கள். டிசம்பருக்கு முன்னால் பனி டயர் மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்தப் பாட்டி விஷயத்தை முடிக்கவில்லையே. அவர் இறங்கியது அடுத்த ஸ்டேஷன் ஹிபாயாமா. அடுத்த ஞாயிறு பகலில் அதே பாதையில் வண்டி ஏறி, அங்கே இறங்கி, பணத்தை ஒரு உறையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கேட்டேன். மூன்றாவது வீட்டில் இருந்தார். பணத்தை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். டீ, காய்ந்த பெர்சிமன் பழம், அப்புறம் என் கை நீளத்துக்கு ஒரு முள்ளங்கி. பேசிக்கொண்டிருந்ததில் வண்டி போய்விட்டது. அடுத்தது வர மூன்று மணி நேரத்துக்கு மேல். பாட்டி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கொட்டகைக்குப் போய் ஒரு வெள்ளை டிரக்கைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டு வந்தார். நம்மூர் குட்டியானையைவிடச் சின்னது. எண்பது வயதிருக்கும். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையால் எனக்கு வழியில் இருக்கும் வயல்களைக் காட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி ஏன் ரயிலில் வந்தீர்கள் என்று கேட்டேன். கண் ஆஸ்பத்திரியில் மருந்து விட்டிருந்தார்களாம், ஓட்டக் கூடாதாம், இல்லாவிட்டால் ரயிலில் யார் ஏறுவது என்றார். என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, முள்ளங்கியை மறந்துவிடாதே என்றும் உரிமம் எடு என்றும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார்.

வரும் தேதி முடிவானதும் எழுதுங்கள். ஹிரோஷிமாவிலிருந்து ஷோபாரா வரைக்கும் பேருந்தில் வந்துவிடுங்கள், அங்கே நான் வந்து நிற்கிறேன். பெட்டி மட்டும் இரண்டுக்கு மேல் வேண்டாம், என்னுடையதும் சின்ன வண்டிதான்.