999 ரூபாய் விலையில் நஷ்டம் எங்கே இருக்கிறது?

கேள்வி: ஜவுளிக்கடை, செருப்புக்கடை, ஆன்லைன் என்று எங்கே பார்த்தாலும் 499, 999, 1,499 என்றே விலை போட்டிருக்கிறார்கள். ஒரு ரூபாயைக் குறைப்பதில் கடைக்காரருக்கு என்ன லாபம்? நான் போடும் பட்ஜெட் மாதாமாதம் இடிப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. ஆனால் நஷ்டம் அந்த ஒரு ரூபாயில் இல்லை.

விலையை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், முதல் இலக்கம்தான் மனதில் பதிகிறது. 599-ஐ 598 ஆக்கினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 600-ஐ 599 ஆக்கினால் மலிவாகத் தெரியும். இரண்டிலும் குறைந்தது அதே ஒரு ரூபாய்தான்.

அமெரிக்காவில் ஆண்டர்சன், சிமஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் தபால்வழி விற்பனைக் கேட்லாக்கில் இதைச் சோதித்து, 2003-இல் வெளியிட்டார்கள். ஒரே உடைக்கு 34, 39, 44 டாலர் என மூன்று விலை. அதிகம் விற்றது 39 டாலருக்கு. 34 டாலரைவிடவும் அதிகம்! விலையை ஏற்றியும் விற்பனை கூடுகிறது என்றால் எந்தக் கடைக்காரர் விடுவார்?

 

இனி உங்கள் பட்ஜெட்டுக்கு வருவோம். ஒரு குர்த்தி 999, துப்பட்டா 499, செருப்பு 1,499 என்று எடுக்கிறீர்கள். அவசரத்தில் மனக்கணக்குப் போட்டால் தொள்ளாயிரம், நானூறு, ஆயிரத்து நானூறு, ஆக 2,700 என்றுதான் வரும். பில் வருவது 2,997. கிட்டத்தட்ட 300 ரூபாய், கணக்கிலேயே வராமல் போய்விட்டது. மாதத்தில் நாலு தடவை இப்படி நடந்தால் போதும், ஒரு சிறிய எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) தவணையே போய்விடும். எனக்கு உண்மையான கவலை இதில்தான். ஆன்லைனில் '1,000-க்குள்' என்று வடிகட்டினால் 999 ரூபாய்ப் பொருளும் வந்து நிற்கும், 'குறைந்த விலையில்தான் பார்க்கிறோம்' என்ற நிம்மதியோடு வாங்கிவிடுவோம்.

அதனால் கூடையில் போடும்போதே மேல் எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஆயிரம், ஐநூறு, ஆயிரத்து ஐநூறு. செலவு நோட்டிலும் அப்படியே எழுதுங்கள். மாதக் கடைசியில் சில ரூபாய் மிஞ்சினால் நல்லதுதானே.

அப்புறம், மளிகையில் வேலை தலைகீழாக நடக்கும். பிஸ்கட் பாக்கெட் 10 ரூபாயிலேயே நிற்கும், எடை மட்டும் குறையும். பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு என்ன விலை என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இரண்டு பிராண்டுகளை ஒப்பிட அந்த எண்ணைப் பாருங்கள்.