மைக்ரோபயாலஜி சேர்க்கலாமா? ஃபீஸ் கட்டுவதற்கு முன் மைக்ரோஸ்கோப் மேஜையைப் போய்ப் பாருங்க

வணக்கமுங்க அம்மா.

பாப்பா பி.எஸ்சி. மைக்ரோபயாலஜிதான் வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள், அவள் அப்பாவுக்கு நர்சிங் சேர்க்க ஆசை, "கிருமியைப் பார்க்கிற படிப்புக்கு கோபி, சத்தி பக்கம் என்ன வேலை கிடைச்சிருது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விங்க. வேலை இருக்கிறது. ஆனால் மார்க் ஷீட்டை நீட்டினால் மட்டும் கிடைக்காது. ஒரு ஸ்லைடை, அதாவது மாதிரி தடவிய கண்ணாடித் துண்டை, கையில் கொடுத்து, "இதுல என்ன இருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்றால் தடுமாறாமல் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். மூன்று வருஷம் படித்தும் இது கைவராமல் வெளியே வரும் பிள்ளைகள்தான் வேலை இல்லை என்று அலைகிறார்கள். அதனால் கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் அங்கே இருக்கிற மைக்ரோஸ்கோப்பைப் பாருங்கள் என்பதுதான் என் முதல் பேச்சு.

வேலையை உங்கள் ஊரிலிருந்தே தொடங்குவோம். கோபி, சத்தி, உடுமலை பக்கம் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறவர்களுக்கு பெப்ரைன் நோய் என்றால் எவ்வளவு பயம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். நொசிமா பாம்பிசிஸ் என்ற நுண்ணுயிரி அதற்குக் காரணம். தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டைக்குள்ளேயே போய்விடும் என்பதால், புழு வெளியே வந்த பிறகு செய்ய ஒன்றுமில்லை. எனவே முட்டை தயாரிக்கும் இடத்திலேயே அதைப் பிடிக்கிறார்கள். முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை 0.6 சதவீதப் பொட்டாசியம் கார்பனேட் கரைசல் விட்டு அரைத்து, ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து, சுமார் 600 மடங்கில் பார்க்கிறார்கள். பெப்ரைன் ஸ்போர் (அந்த நுண்ணுயிரியின் விதை மாதிரியான வடிவம்) முட்டை வடிவத்தில், 3 முதல் 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளத்தில், பளிச்சென்று மின்னும். கொழுப்புத் துளியும் மின்னும், புதிதாகப் பார்ப்பவர் அங்கேதான் ஏமாறுவார். கொழுப்புத் துளி வட்டமாக, பெரிதும் சிறிதுமாக இருக்கும். ஸ்போரோ எல்லாம் ஒரே அளவில் நீள்வட்டமாக இருக்கும். ஸ்போர் தென்பட்டால் அந்தப் பூச்சி இட்ட முட்டை முழுவதையும் அழித்துவிடுவார்கள். லூயி பாஸ்டர் 1860களில் பிரான்சில் வகுத்த முறை இது. இன்றும் பட்டு முட்டைத் தொழில் இதை நம்பித்தான் நடக்கிறது. பாப்பாவுக்கு இந்தத் துறையில் மனசு போனால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் பட்டுவளர்ப்புக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. அதையும் விசாரியுங்கள்.

நாமக்கல் கோழிப்பண்ணை ஆய்வகங்களில், கோழி எச்சத்தை உப்பு முழுவதும் கரைந்த கரைசலில் கலக்கி, மேலே மிதந்து வருவதை எடுத்து, ரத்தக்கழிச்சல் உண்டாக்கும் ஐமீரியா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் பயாலஜிக்கல் டேங்க் (பாக்டீரியாவை வைத்துக் கழிவைச் சுத்தம் செய்யும் தொட்டி) சேற்றை 10, 40 மடங்கு லென்ஸில் பார்ப்பார்கள். நூல் நூலான பாக்டீரியா பெருகிவிட்டால் சேறு படியாமல் மிதக்கும், நிலையமே திணறும். பால் குளிரூட்டும் நிலையங்கள், ஈரோட்டு மஞ்சள், மசாலாத் தரப்பரிசோதனை, கோவை மருத்துவமனைகள் என்று பட்டியல் நீளும்.

மருத்துவமனை என்றதும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். பி.எஸ்சி. மைக்ரோபயாலஜியும் லேப் டெக்னீஷியன் படிப்பும் ஒன்று கிடையாது. அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன் ஆக வேண்டும் என்பதுதான் குறிக்கோள் என்றால் டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டெக்னாலஜி டிப்ளமோ) அல்லது பி.எஸ்சி. எம்.எல்.டி. (அதே துறையில் பட்டம்) பக்கம் போங்கள். தேர்வு அறிவிக்கையில் பொதுவாகக் கேட்பது மருத்துவ லேப் டெக்னாலஜித் தகுதியைத்தான். பாப்பாவுக்கு ஆராய்ச்சி, உணவு, மருந்து, வேளாண்மை, சுற்றுச்சூழல் என்று ஆசை இருந்தால் மைக்ரோபயாலஜி சரி. ஆனால் பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் ஆரம்பச் சம்பளம் மனசுக்கு நிறைவாக இருக்காது; எம்.எஸ்சி. வரை படிக்க வைக்க முடியுமா என்று இப்போதே யோசித்துவிடுங்கள். அப்பா சொல்கிற நர்சிங்கும் நல்ல படிப்புத்தான். ஆனால் நோயாளி பக்கத்தில் நிற்க மனசில்லாத பிள்ளையை அதில் தள்ளினால் இரண்டாவது வருஷமே திரும்பி வந்து நிற்கும்.

சரி, கல்லூரிக்குப் போகிறீர்கள். ஆபீஸ் ரூமிலிருந்தே திரும்பி வந்துவிடாதீர்கள். "லேப் பாக்கலாங்களா" என்று கேளுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அதுவே ஒரு பதில். உள்ளே போனதும் ஒரு பேட்சுக்கு எத்தனை மைக்ரோஸ்கோப், பிராக்டிகலில் ஒன்றுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒருவருக்கு ஒன்று என்றால் மிக நல்லது, இரண்டு பேருக்கு ஒன்று பரவாயில்லை. ஐந்தாறு பேர் ஒன்றைச் சுற்றி நின்றால், உங்கள் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு ரெக்கார்டில் படம் வரையும், அவ்வளவுதான். பிறகு, "ஒரு கிராம் ஸ்டெயின் ஸ்லைடு 100 லென்ஸ்ல வெச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். கிராம் ஸ்டெயின் என்பது பாக்டீரியாவை நிறத்தால் இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டும் சாய முறை. நன்றாக நடக்கிற லேபில் அது சில நிமிஷ வேலை. லென்ஸ் மங்கி, இம்மர்ஷன் ஆயில் (100 லென்ஸில் பார்க்க ஸ்லைடில் விடும் எண்ணெய்) பாட்டில் தூசி படிந்து கிடந்தால், அங்கே மாணவர்கள் 100 லென்ஸைத் தொடுவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பாப்பாவுக்கு.

கண்ணு, உன் லேபில் இருக்கப் போவது காம்பவுண்ட் மைக்ரோஸ்கோப். கண் வைக்கும் ஐபீஸ் 10 மடங்கு. ஸ்லைடு பக்கம் இருக்கிற அப்ஜெக்டிவ் 4, 10, 40, 100. இரண்டையும் பெருக்கினால் 40, 100, 400, 1000 மடங்கு. எத்தனை மடங்கு என்பதைவிட முக்கியமான எண் ஒன்று லென்ஸ் மேலேயே எழுதியிருக்கும்: நியூமரிக்கல் அபெர்ச்சர். 40 லென்ஸில் 0.65 என்றும், 100 லென்ஸில் 1.25 என்றும் இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு புள்ளியைத் தனித்தனியாகக் காட்டும் திறன் இதைப் பொறுத்தது. 1.25 லென்ஸில் ஏறக்குறைய 0.27 மைக்ரான் இடைவெளி வரை பிரித்துப் பார்க்கலாம். ஈ.கோலை பாக்டீரியா சுமார் 2 மைக்ரான் நீளம், அதனால் தெரியும். பெரும்பாலான வைரஸ் இந்த எல்லைக்குக் கீழே என்பதால், எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் தெரியாது.

100 லென்ஸுக்கு எண்ணெய் எதற்கு? கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் வரும்போது ஒளி வளைந்து வெளியே போய்விடும். இம்மர்ஷன் ஆயிலின் ஒளிவிலகல் எண் 1.515, கண்ணாடியும் கிட்டத்தட்ட அதேதான். இடையில் எண்ணெய் இருந்தால் ஒளி வளையாமல் லென்ஸுக்குள் சேரும். எண்ணெய் இல்லாமல் 100 லென்ஸில் பார்த்தால் பெரிதாகத் தெரியும், தெளிவு இருக்காது.

முதலில் தூக்குவது: ஒரு கை ஆர்மில் (பின்பக்கத் தண்டு), ஒரு கை அடிப்பாகத்தின் கீழே. 4 லென்ஸில் ஆரம்பி. கோர்ஸ் திருகை (வேகமாக நகர்த்தும் பெரிய திருகு) திருப்பி ஸ்லைடை லென்ஸுக்குக் கிட்டே கொண்டு வரும்போது கண் ஐபீஸில் இருக்கக் கூடாது, பக்கவாட்டிலிருந்து பார். பிறகு ஐபீஸில் கண் வைத்து, விலக்கிக்கொண்டே ஃபோகஸ் செய். 10, 40 என்று ஏறு. 40க்கு வந்த பிறகு கோர்ஸ் திருகைத் தொடாதே, ஃபைன் (மெதுவாக நகர்த்தும் சின்னத் திருகு) மட்டும். அடுத்து 40ஐயும் 100ஐயும் நடுவில் வருகிற மாதிரி நிறுத்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, 100ஐக் கொண்டு வா. 100 லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குகூட இடம் இருக்காது. அதனால்தான் இவ்வளவு எச்சரிக்கை.

எண்ணெய் வைத்த பிறகு, "இன்னொரு தடவை பாத்துக்கலாம்" என்று 40க்குத் திரும்பாதே. 40 லென்ஸ் எண்ணெயில் குளித்துவிடும், அடுத்து வருகிறவருக்கு எல்லாம் பனிமூட்டமாகத் தெரியும். கல்லூரி லேபில் லென்ஸ் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். முடித்ததும் லென்ஸ் பேப்பரால் ஒற்றி எடு. துப்பட்டாவால் துடைத்தால் கீறல் விழும். சைலீன் (எண்ணெயைக் கரைக்கும் திரவம்) தேவைப்பட்டால் பேப்பரை நனைத்தும் நனைக்காமலும் தொட்டு உடனே காய்ந்த பேப்பரால் துடை. அதிகமானால் லென்ஸை ஒட்டியிருக்கும் பசை கரையும். பொள்ளாச்சி, வால்பாறை மாதிரி ஈரக்காற்று ஊர்களில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைக்க வேண்டும்.

40லும் 100லும் எவ்வளவு திருகியும் ஃபோகஸ் வரவில்லையா? ஸ்லைடைத் தலைகீழாக வைத்திருப்பாய். கவர் ஸ்லிப் (மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடி) இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். அதன் கனம் 0.17 மில்லிமீட்டர் என்று கணக்குப் பண்ணித்தான் லென்ஸ் செய்திருக்கிறார்கள். ஒரு கறுப்புப் புள்ளி கண்ணை உறுத்தினால், ஸ்லைடை நகர்த்து; அது நகர்ந்தால் ஸ்லைடில் இருக்கிறது. ஐபீஸைத் திருப்பு, சுற்றினால் ஐபீஸில். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் அப்ஜெக்டிவையோ கண்டென்சரையோ (ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) பார்.

சாயம் போடாத சொட்டைப் பார்க்கும்போது டயாஃப்ரத்தை (ஒளி வரும் வழியைக் கூட்டிக் குறைக்கும் துளை) சுருக்கு. வெளிச்சம் அதிகமாக இருந்தால் பாக்டீரியா கண்ணாடி மாதிரி மறைந்துவிடும். சாயம் போட்டு எண்ணெயில் பார்க்கும்போது கண்டென்சரை மேலே ஏற்றி, டயாஃப்ரத்தைத் திற. உயிரோடு நீந்துகிறதா என்று பார்க்கிறாய் என்றால் ஒன்றைப் பிரித்தறி. எல்லாம் ஒரே பக்கம் போனால் அது நீரோட்டம், இருந்த இடத்திலேயே நடுங்கினால் பிரௌனியன் அசைவு, அதாவது தண்ணீர் மூலக்கூறுகள் மோதுவதால் வருவது. ஒவ்வொன்றும் தன் போக்கில் வேறு வேறு திசையில் போனால்தான் நீந்துகிறது.

அடுத்து கிராம் ஸ்டெயின். டென்மார்க்காரர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட முறை. நேர்முகத் தேர்வில் தவறாமல் கேட்பார்கள். ஸ்லைடில் ஒரு சின்னச் சொட்டுத் தண்ணீர், அதில் காலனியை (தட்டில் வளர்ந்த பாக்டீரியாக் கூட்டம்) லூப் (வளையம் வைத்த கம்பி) நுனியால் தொட்ட அளவு மட்டும். பரப்பிக் காய்ந்த பிறகு, கீழே செய்தித்தாளை வைத்தால் எழுத்து படிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் தடிமன் அதிகம். காற்றில் முழுதாகக் காயட்டும். பிறகு சுடரில் 2, 3 முறை காட்டு. ஸ்லைடின் அடிப்பக்கம் புறங்கையில் தாங்கும் சூடுதான் இருக்க வேண்டும். ஈரத்தோடு சுட்டால் செல் வெந்து உருக்குலையும்.

கிரிஸ்டல் வயலெட் 1 நிமிஷம், கழுவு. அயோடின் 1 நிமிஷம், கழுவு. ஸ்லைடைச் சாய்த்து 95 சதவீத ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விடு. ஊதா வடிவது நின்றதும் நிறுத்தி உடனே தண்ணீர். இது 10 முதல் 20 விநாடி. பிறகு சாஃப்ரனின் 30 விநாடி முதல் 1 நிமிஷம். கிராம் பாசிட்டிவ் ஊதா, கிராம் நெகட்டிவ் இளஞ்சிவப்பு. பாசிட்டிவின் செல் சுவர் தடிமனானது, வயலெட்டும் அயோடினும் சேர்ந்த சாயத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். நெகட்டிவின் வெளிச்சவ்வில் இருக்கும் கொழுப்பை ஆல்கஹால் கரைத்துவிடுவதால் சாயம் வெளியேறும்.

ஆல்கஹால் கொஞ்சம் கூடினால் எல்லாமே சிவப்பு, குறைந்தாலோ ஸ்மியர் (ஸ்லைடில் பரப்பிய படலம்) தடித்தாலோ எல்லாமே ஊதா. 24 மணி நேரத்துக்கு மேல் வளர்ந்த பழைய கல்சரில் (வளர்ப்பில்) பாசிட்டிவும் சிவப்பாகக் காட்டும், இறந்த செல்லின் சுவர் சாயத்தைப் பிடித்து வைக்காது. நம் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பு. கழுவிக் காய்ந்தால் ஸ்லைடில் படிகம் நிற்கும், அதைக் கிருமி என்று எழுதிவிடாதே. ஒவ்வொரு தடவையும் அதே ஸ்லைடின் ஒரு ஓரத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் (கிராம் பாசிட்டிவ்), இன்னொரு ஓரத்தில் ஈ.கோலை (கிராம் நெகட்டிவ்) போட்டுக்கொள். அந்த இரண்டும் சரியான நிறத்தில் வந்தால்தான் நடுவில் இருப்பதன் நிறத்தை நம்பலாம்.

காசநோய்க் கிருமிக்கு கிராம் ஸ்டெயின் உதவாது. அதன் சுவர் மெழுகு. அதற்கான சீல்-நீல்சன் என்ற சாய முறையில், கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தைக் கொதிக்க விடாமல் ஆவி வரும் வரை மட்டும் சூடாக்குவார்கள். "இல்லை" என்று எழுதும் முன் எண்ணெய் லென்ஸில் 100 ஃபீல்டு (ஒரு பார்வையில் தெரியும் வட்டம் ஒரு ஃபீல்டு) பார்த்திருக்க வேண்டும். 20 பார்த்துவிட்டு நெகட்டிவ் எழுதுகிறவர் ஒரு குடும்பத்துக்கே நோயைக் கொடுத்து அனுப்புகிறார். பூஞ்சைக்கு லாக்டோஃபீனால் காட்டன் புளூ என்ற நீலச் சாயம் போதும். ஃபேஸ் கான்ட்ராஸ்ட், ஃபுளோரசன்ஸ், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் எல்லாம் எம்.எஸ்சி.யில் பார்த்துக்கொள்ளலாம். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் மாதிரி வெற்றிடத்துக்குள் போவதால் சாதாரணமாக உயிரோடு எதையும் பார்க்க முடியாது என்பதை மட்டும் இப்போது நினைவில் வை.

அம்மா, கடைசியாக, வீட்டுக்கு ஒரு மைக்ரோஸ்கோப் வாங்கித் தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். "1200 மடங்கு" என்று பெட்டியில் அச்சடித்த பிளாஸ்டிக் பொம்மையை வாங்க வேண்டாம், லென்ஸ் சரியில்லாமல் மடங்கு மட்டும் கூடினால் மங்கல்தான் பெரிதாகத் தெரியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக விஞ்ஞானி மனு பிரகாஷ் குழுவினர் வடிவமைத்த ஃபோல்டுஸ்கோப் என்ற காகித மைக்ரோஸ்கோப் போதும். சுமார் 140 மடங்குதான், பாக்டீரியாவுக்குப் பத்தாது. ஆனால் வைக்கோலை நறுக்கி வாய்க்கால் தண்ணீரில் போட்டு, வாயை லேசாக மூடி, நிழலில் நான்கைந்து நாள் வைத்தால், அதில் ஓடும் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியை நன்றாகவே காட்டும். சொட்டுத் தண்ணீரை மேலே படிந்த ஆடைக்குச் சற்றுக் கீழிருந்து எடுக்கச் சொல்லுங்கள். தொட்டி குளோரின் தண்ணீர் ஊற்றினால் ஒன்றும் வளராது.