குளிர்காலத்தில் ஃபுளோரிடா போவதா, நியூயார்க்கிலேயே இருப்பதா?

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "இங்குள்ள அக்விடக்ட் குதிரைப் பந்தய மைதானத்தில் குளிர்காலம் முழுக்க ஜெயித்துக்கொண்டே இருக்கும் ஒரு ஜாக்கியின் ரசிகன் நான். அவர் ஃபுளோரிடாவின் கல்ஃப்ஸ்ட்ரீம் பார்க் மைதானத்துக்குப் போய்ப் பெரிய ஜாக்கிகளோடு மோத வேண்டாமா? அங்கே வெற்றிகள் குறைந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?"

போகட்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் போட்டி கடுமையாக இருக்கிறது என்பதற்காக அல்ல, நல்ல குதிரைகள் அங்கே இருக்கின்றன என்பதற்காக. டிசம்பரில் அக்விடக்ட்டின் புல் தடத்தை மூடிவிடுவார்கள். வசந்தம் வரை மண் தடம் மட்டும்தான். டாட் பிளெட்சர் போன்ற ட்ரெய்னர்கள் தங்கள் சிறந்த இளங்குதிரைகளைக் குளிர்காலத்தில் ஃபுளோரிடாவில்தான் தயார் செய்கிறார்கள். அங்கே நடக்கும் ஃபுளோரிடா டெர்பி பந்தயத்துக்கும், மே முதல் சனிக்கிழமை நடக்கும், அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பிக்கும் இடையில் ஏறக்குறைய ஐந்து வாரம். பார்பரோ (2006), பிக் பிரவுன் (2008), ஆர்ப் (2013), நைக்விஸ்ட் (2016), ஆல்வேஸ் ட்ரீமிங் (2017) ஆகிய ஐந்து குதிரைகளும் இரண்டு டெர்பியையும் ஜெயித்தவை. 2023இல் கென்டக்கியில் ஜெயித்த மேஜ், ஃபுளோரிடா டெர்பியில் இரண்டாவதாக வந்த குதிரை. கென்டக்கியில் அதை ஓட்டிய ஹாவியர் கஸ்டெலானோ அதற்கு முன் 15 முறை முயன்றும் அந்தப் பந்தயத்தை ஜெயித்ததில்லை. அப்படிப்பட்ட ஒரு குதிரையின் சவாரி கிடைக்க வேண்டுமென்றால், ஜனவரி மாதத்துக் காலைப் பயிற்சியிலேயே ட்ரெய்னரின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அதற்காக, நியூயார்க்கிலேயே தங்கிவிட்டவரைக் குறைவாக நினைக்காதீர்கள். கென்ட்ரிக் கார்மூஷ் என்ற ஜாக்கி 2021 ஏப்ரலில் அக்விடக்ட்டின் வுட் மெமோரியல் பந்தயத்தில், 72-க்கு-1 விலையில் (அதாவது ஒரு டாலர் பந்தயத்துக்கு 72 டாலர் லாபம், ஜெயிக்கும் என்று யாரும் நம்பாத விலை) இருந்த போர்போனிக் என்ற குதிரையை ஜெயிக்க வைத்தார். அந்த வெற்றிதான் அவரைக் கென்டக்கி டெர்பிக்குக் கொண்டுபோனது. அந்தக் குதிரையின் ட்ரெய்னரும் பிளெட்சர்தான். எனக்கு மிகவும் பிடித்த வெற்றிகளில் அது ஒன்று.

எனவே உங்கள் ஜாக்கிக்கு முக்கியம், அவருக்குச் சவாரிகள் பிடித்துத் தரும் ஏஜென்ட் முன்கூட்டியே என்ன பேசி வைத்திருக்கிறார் என்பது. ஒரு பெரிய லாயமாவது வாரம் நான்கைந்து சவாரி தருவதாகச் சொல்லியிருந்தால் கிளம்பலாம். யாரும் வாக்குக் கொடுக்காமல் போனால், யாரும் நம்பாத குதிரைகள் மேல் ஏறித்தான் மூன்று மாதம் ஓடும். அங்கே இருப்பவர்கள் இராட் ஓர்டிஸ், லூயிஸ் சாயெஸ் தரத்து ஆட்கள். நல்ல சவாரி அவர்களிடம்தான் முதலில் போகும். தோற்ற சவாரிக்குக் கிடைப்பது சிறு தொகை, அதிலும் ஏஜென்டுக்குப் பங்கு உண்டு.

சரி, வெற்றி குறைந்தால்? வெற்றிச் சதவீதத்தைப் பார்த்து மனம் விடாதீர்கள். ஒரே ட்ரெய்னர் அவரை இரண்டாவது, மூன்றாவது முறையும் ஏற்றுகிறாரா என்று பாருங்கள். ஏற்றிய குதிரைகளின் விலை என்ன, 20-க்கு-1 குதிரையை மூன்றாவதாகக் கொண்டுவருகிறாரா என்றும் பாருங்கள். பிப்ரவரி நடுப்பகுதிக்குள் அப்படி எதுவும் தெரியவில்லை என்றால், அவர் மார்ச் தொடக்கத்திலேயே நியூயார்க் திரும்பிவிடுவது நல்லது. ஏப்ரலில் நட்சத்திர ஜாக்கிகள் ஃபுளோரிடாவிலிருந்து திரும்பிவந்த பிறகு அங்கேயும் நல்ல சவாரி கிடைப்பது கஷ்டம்.